தேள்களை ஓரிடத்தில் அடைத்தல் தகுமா?

ஜீவதயை என்று சொன்னவுடன் மனக்கண்முன் வந்து நிற்பவை பசுவும் புறாவும் அணிலுமே. தேள் வந்து நிற்பதில்லை. தேளைக் கண்டவுடன் உலகத்தார் கை தேடுவது செருப்பை அல்லது விறகுக் கட்டையை. சிராவகர் இல்லங்களில் பிறந்து வளர்ந்த நாம் அவ்வாறு செய்வதில்லை. முறத்திலோ பழைய தகரத்திலோ ஏற்றி, வேலிக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறோம். அவ்வளவில் தேளுக்குச் செய்யவேண்டிய அறம் முடிந்துவிட்டது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் முழுமையானதன்று என்பதை, எழுபது வயதைக் கடந்த பின்னர், எம் பேரன் வாயிலாகவும் ஏழு தேள்கள் வாயிலாகவும் அறிய நேர்ந்தது. கொல்லாமல் விட்ட உயிரை எங்கே வைக்கிறோம், எவ்வாறு வைக்கிறோம் என்பதும் அஹிம்சையைச் சார்ந்த கேள்வியே ஆகும். அதனை வாசகப் பெருமக்களோடு சேர்ந்து சிந்திக்கவே இதனை எழுதுகிறோம்.

தொட்டியில் ஏழு

நாம் வாழும் கம்மாபுரம், விருத்தாசலத்துக்கும் நெய்வேலிக்கும் இடைப்பட்ட ஊர். விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. ஊறுகாய் ஜாடி முதல் கொலு பொம்மை வரை அங்குச் சூளைகளில் வெந்து வெளிவருவதைப் பலரும் அறிவர். விளிம்பு சிதைந்ததும் பூச்சில் கீறல் விழுந்ததும் கழிவாக மலிவு விலைக்குக் கிடைக்கும். அப்படி வாங்கிய பெரிய பீங்கான் தொட்டி ஒன்று எம் இல்லத்துத் தாழ்வாரத்தில் பல ஆண்டுகளாகக் கிடந்தது.

கடந்த ஆண்டு ஆடி மாதத்தில் எம் அடுத்த மனையில் பழைய நாட்டோட்டு வீடு ஒன்றைப் பிரித்தனர். ஓட்டுக் குவியலை அள்ளத் தொடங்கியதும் தேள்கள் வெளிப்பட்டன. கூலியாட்கள் கடப்பாரையால் இரண்டு மூன்றை நசுக்கிவிட்டனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வெறுங்காலோடு நின்று வேலை செய்பவர்கள் அவர்கள். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த எம் மகள் வயிற்றுப் பேரன் ஓடிச்சென்று, "அண்ணே, அடிக்காதீர்கள், நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று வேண்டி, நீண்ட இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்தான். மொத்தம் ஏழு. நான்கு கருந்தேள், நட்டுவாக்காலி என்று எம் பக்கத்தார் சொல்லும் பெரிய இனம். மூன்று செந்தேள், உருவில் சிறியவை, நஞ்சில் கொடியவை.

பீங்கானின் மேற்பூச்சு வழுவழுப்பானது. தேளின் கால் அதில் பற்றாது. ஆகவே தொட்டியில் மணல் பரப்பி, ஓட்டுத் துண்டுகள் சிலவற்றைக் கவிழ்த்து வைத்து, ஏழையும் அதற்குள் விட்டான். மேலே கொசுவலைத் துணியைக் கட்டினான். "பாட்டி, ஏழு உயிர்களைக் காப்பாற்றிவிட்டேன். கொஞ்ச நாள் வைத்திருந்து பார்க்கப் போகிறேன்" என்றான். நம் குலத்துப் பிள்ளை என்று நாமும் உள்ளம் குளிர்ந்தோம். பூச்சிகளைப் பிடித்துப் போட அவன் மனம் ஒப்பவில்லை. நீரில் நனைத்த பஞ்சு மட்டும் வைத்தான்.

மூன்றாம் நாள் காலை எண்ணிப் பார்த்தால் ஆறு. செந்தேள் ஒன்றின் வாலும் கொடுக்கும் இரண்டு கால்களும் மணல்மேல் கிடந்தன. மறுநாள் ஐந்து. பேரன் சற்று நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "இது அவற்றின் இயல்பு பாட்டி. நாம் என்ன செய்ய முடியும்?" என்றான்.

அந்தச் சொல் எம்மைத் தைத்தது. ஏனெனில் அதே சொல்லை ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நாமே சொல்லியிருந்தோம்.

ஒரு சிறுமியின் கேள்வி

ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் எமக்குக் கற்பிக்கப்பட்ட நெறிகளுள் ஒன்று, இயற்கைப் பாடத்துக்குப் படத்தைக் காட்டிலும் உயிருள்ள துணைக்கருவி சிறந்தது என்பது. குழந்தை கண்ணால் கண்டதை மறவாது என்பர். அது நல்ல நெறியே. பணியில் சேர்ந்த புதிதில், சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்புக்குச் சிலந்தி, தேள் பற்றிய பாடம் நடத்த நேர்ந்தது. மாணவன் ஒருவனின் தந்தை இரண்டு தேள்களைப் பிடித்துக் கொடுத்தார். எம்மிடம் இருந்தது ஒரே ஒரு கண்ணாடிப் புட்டி. மூடியில் ஆணியால் துளையிட்டு, இரண்டையும் அதிலேயே போட்டு, பாடக்குறிப்பை எழுதி முடித்து நிம்மதியாக உறங்கினோம்.

மறுநாள் வகுப்பில் புட்டியை உயர்த்திக் காட்டியபோது அதில் ஒரு தேள்தான் முழுதாக இருந்தது. பிள்ளைகள் கூச்சலிட்டனர். பயிற்சி பெற்ற ஆசிரியைக்கு எதிர்பாராத நிகழ்ச்சியையும் பாடமாக்கத் தெரியவேண்டும் அல்லவா? "பார்த்தீர்களா, வலியது எளியதைத் தின்னும். இதுதான் இயற்கை" என்றோம். அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், வெளியே இருந்திருந்தால் சின்னது விலகிப் போயிருக்கும் இல்லையா?" என்று கேட்டாள்.

எம்மிடம் விடை இல்லை. "உட்கார்" என்றோம். அவள் உட்கார்ந்தாள். பாடம் தொடர்ந்தது.

நெடிய ஆசிரியப் பணியில் நாம் செய்த பிழைகள் பல. பெரும்பாலானவை மறந்துபோயின. இது மறக்கவில்லை. நாள்தோறும் ஜினாலயம் சென்று வந்த ஒருவர், மாலைச் சூரியன் மறையுமுன் உணவு முடிக்கும் ஒருவர், தண்ணீரை வடிகட்டிக் குடிக்கும் ஒருவர், தம் கையால் இரண்டு உயிர்களை ஒரு புட்டியில் அடைத்து, ஒன்றை மற்றொன்றுக்கு இரையாக்கி, பழியை இயற்கையின் மேல் போட்டார். அவர் நாம்தாம்.

தேளின் வாழ்க்கை

பழி இயற்கையினுடையதா என்பதை அறியத் தேளின் வாழ்க்கையைச் சிறிது அறிய வேண்டும். உலகில் 2,500-க்கும் மேற்பட்ட தேள் இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. பகலில் கல்லடியிலும் வளையிலும் ஒதுங்கி, இரவில் மட்டும் வெளிவரும். கண்கள் இருந்தும் உருவைத் தெளிவாகக் காணும் ஆற்றல் குறைவு. தரையில் எழும் மெல்லிய அதிர்வைக் கால்களால் உணரும். வயிற்றின் அடியில் உள்ள சீப்புப் போன்ற உறுப்பால் தரையின் சுவையையும் மணத்தையும் அறியும். அதிர்வு சிறியதாயின் பாய்ந்து பிடிக்கும். பெரியதாயின் விலகி ஓடும். அண்டையில் அசைவது தன்னினமா பிற இனமா என்று அது ஆராய்ந்து நிற்பதில்லை.

ஆகவே தேள் தேளை உண்பது உண்மையே. அமெரிக்க விலங்கியல் அறிஞர் கேரி போலிஸ் கலிபோர்னியப் பாலைவனத்தில் இரவுதோறும் தேள்களைக் கவனித்து இதனை விரிவாக ஆராய்ந்தார். 1990-இல் அவர் பதிப்பித்த தேள்களின் உயிரியல் பற்றிய நூல் இன்றும் இத்துறையில் முதன்மையானது. பெரியது சிறியதை உண்கிறது. குறிப்பாகச் சட்டை உரித்து உடல் மென்மையாக இருக்கும் வேளையில் எளிதில் இரையாகிவிடுகிறது. திறந்த நிலத்திலும் இது நிகழ்கிறது.

ஆனால் அந்நிலத்தில் சிறிய தேளுக்கு ஒரு காவல் உண்டு. அதுதான் இடைவெளி. பெரியவை நடமாடும் இடத்தையும் வேளையையும் அது தவிர்க்கும். சட்டை உரிக்கும் நாளில் ஆழமான பிளவுக்குள் ஒதுங்கும். அதிர்வை உணர்ந்தவுடன் எதிர்த்திசையில் ஓடும். பகுத்தறிவில்லாத உயிருக்கு விலகுதலே வாழும் நெறி. புட்டியிலும் தொட்டியிலும் நாம் பறித்தது அந்த இடைவெளியையே. கொடுக்கையும் இடுக்கியையும் பசியையும் அவற்றிடமே விட்டுவிட்டு, ஓடும் வழியை மட்டும் எடுத்துவிட்டோம்.

எல்லாத் தேள்களும் இவ்வாறில்லை என்று சிலர் கூறலாம். அதுவும் உண்மையே. மேற்கு ஆப்பிரிக்காவின் பேரரசத் தேள் எனப்படும் பெரிய கருந்தேள், தாயும் வளர்ந்த குஞ்சுகளுமாக ஒரே வளையில் வாழக் கூடியது. நம் நாட்டுப் பெருங்கருந்தேள்களும் அதற்கு உறவினமே. செந்தேளைப் போல அவ்வளவு தனிமை நாடுபவை அல்ல. இவற்றை வளர்ப்போர் சில விதிகளைச் சொல்வர்: ஒரே இனமாக இருக்க வேண்டும், ஒத்த பருமன் வேண்டும், எண்ணிக்கையைக் காட்டிலும் ஒளிவிடங்கள் மிகுதியாக வேண்டும், இரை குறையக் கூடாது. இவ்வளவும் செய்தும் ஒரு நாள் காலையில் ஒன்று குறைந்திருக்கக் கூடும் என்பதையும் அவர்களே ஒப்புக்கொள்வர். எம் பேரன் இவ்விதிகளுள் ஒன்றையும் அறியாமல் சிறிய செந்தேள்களைப் பெரிய கருந்தேள்களோடு அடைத்தான். நாமோ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அறிய முயலவும் இல்லை.

நூல்கள் கூறுவது

பொன்னூர் மலையோடு தொடர்புடைய குந்தகுந்தாசாரியர், பஞ்சாஸ்திகாயத்தில், பேன், மூட்டைப்பூச்சி, எறும்பு ஆகியவற்றோடு தேளையும் மூவறிவுயிராக வைக்கிறார். நம் சமூகத்துப் பேரறிஞர் அ. சக்கரவர்த்தி நயினார் அந்நூலை 1920-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து உலகறியச் செய்தார். சுவேதாம்பர ஆகமத்திலோ தேள் நான்கறிவுயிர்களோடு எண்ணப்படுகிறது. மூன்றோ நான்கோ, தேளுக்கு மனம் இல்லை என்பதில் வேறுபாடில்லை. மனம் இல்லாத உயிர் நன்மை தீமை ஆராய்ந்து பிறிதொன்றைக் கொல்வதில்லை. ஆராயும் மனம் தொட்டிக்கு வெளியே நின்று கொசுவலைத் துணியைக் கட்டிய நம்மிடம்தான் இருக்கிறது. ஆகவே கேள்வி நம்மை நோக்கியே வரும்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இம்சை இன்னதென்று வரையறுக்கும்போது, பிரமாதம் என்னும் கருத்தின்மையோடு கூடிய செயலால் உயிரைப் பிரித்தல் என்கிறது. அஹிம்சாணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களையும் அங்கேயே கூறுகிறது: பந்தம், வதம், சேதம், அதிபாராரோபணம், அன்னபானநிரோதம். அதாவது கட்டுதல் அல்லது அடைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், ஊணும் நீரும் தடுத்தல். இல்லறத்தார்க்கு இவற்றைத் தமிழில் எடுத்துரைக்க அருங்கலச்செப்பும் உண்டு.

இவ்வைந்தனுள் முதலாவதையும் ஐந்தாவதையும் தேள் தொட்டியோடு சேர்த்துப் பாருங்கள். அடைத்தவுடன் பந்தம் நேர்கிறது. அடைத்த உயிருக்கு உணவு இடாவிட்டால் அன்னபானநிரோதம் நேர்கிறது. இடுவதாயின் தேளுக்குச் சோறும் பருப்பும் இட முடியுமா? வெட்டுக்கிளியையோ கரப்பான்பூச்சியையோ உயிரோடு பிடித்து உள்ளே போட வேண்டும். அப்போது கொலை செய்வது தேள். செய்விப்பது நம் கை. தானே செய்தல், பிறரால் செய்வித்தல், செய்வதற்கு உடன்படல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில் என்பது நம் பிள்ளைகளும் அறிந்த பாடம். ஊட்டினாலும் குற்றம், ஊட்டாவிட்டாலும் குற்றம் என்னும் இக்கட்டு தேளால் வந்ததன்று, அடைத்ததால் வந்தது. பேரன் பூச்சியைக் கொல்ல மறுத்தான், அது தயை. ஆனால் அடைத்து வைத்துக்கொண்டே மறுத்ததால், அந்தத் தயையின் விலையைச் செந்தேள்கள் கொடுத்தன.

சிராவக ஒழுக்க நூல்கள் ஊனுண்ணும் பிராணிகளைப் பொழுதுபோக்குக்காக வளர்ப்பதை அனர்த்த தண்டத்தில் சேர்ப்பதன் காரணமும் இதனால் விளங்கும். அனர்த்த தண்டமாவது பயனின்றி வரும் பாவம். பூனை, தேள் ஆகியவற்றின் மேல் வெறுப்பால் சொன்னதன்று. அவற்றின் பசிக்கு நாம் பொறுப்பேற்றுக்கொண்டால் அவற்றின் கொலைக்கும் பொறுப்பேற்கிறோம் என்பதே அதன் உட்கருத்து எனக் கொள்கிறோம்.

காட்சிக்கும் மருந்துக்கும்

இனி, உலகில் தேள்களை ஓரிடத்தில் சேர்ப்பது எதன் பொருட்டு என்று காண்போம். 2004-இல் மலேசியப் பெண்மணி ஒருவர் கண்ணாடி அறையில் 6,000-க்கும் மேற்பட்ட தேள்களோடு 36 நாட்கள் வாழ்ந்து காட்டினார். தாய்லாந்துப் பெண்மணி ஒருவர் பட்டாயா நகரில், 12 சதுர மீட்டர் அறையில், 5,320 தேள்களோடு 33 நாட்கள் இருந்து, 2009 ஜனவரியில் கின்னஸ் சாதனை படைத்தார். அவர் மனத்திண்மையை வியவாதவர் இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 440-க்கும் மேற்பட்ட தேள்கள். பார்வையாளர் அனைவரும் தேள் அப்பெண்ணை எத்தனை முறை கொட்டியது என்றே கேட்டிருப்பர். தேளுக்கு என்ன நேர்ந்தது என்று எத்தனை பேர் கேட்டிருப்பர்? கண்ணாடிக்கு வெளியே நின்று வியப்பதும் உடன்படலே என்பதை நாம் மறக்கலாகாது.

நம் அண்டை மாநிலமாகிய கர்நாடகத்தில், யாத்கிரி மாவட்டத்துக் கந்தகூர் என்னும் ஊரில், நாகபஞ்சமியன்று மக்கள் மலைமேல் ஏறிக் கற்களைப் புரட்டித் தேள்களை எடுத்துக் கையிலும் முகத்திலும் விட்டுக்கொள்வர். அங்குக் கொண்டம்மாய் என்னும் தேள் தெய்வம் வழிபடப்படுகிறது. அவ்வழக்கமும் தேளின் விருப்பத்தைக் கேட்டு நடப்பதன்று. எனினும் அங்கே தேளின் வீடு மலைதான். கண்ணாடிப் பெட்டி அன்று. கல்லைப் புரட்டினாலும் மலையைத் தேளிடமிருந்து பறிக்கவில்லை. இவ்வேற்றுமை சிறியதாகத் தோன்றலாம்; எமக்கு அது பெரியதாகவே படுகிறது.

மருந்து பற்றிய கேள்வி இவற்றினும் கடினமானது. செந்தேளின் அறிவியற்பெயரில் தமுலஸ் என்று நம் மொழியின் பெயரே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் நஞ்சு, குறிப்பாகக் குழந்தைகளின் இதயத்தைத் தாக்கி உயிரைப் பறிக்க வல்லது. மராட்டிய மாநிலம் மகாடு என்னும் சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், 1980-களில் பிரசோசின் என்னும் எளிய மாத்திரையால் எண்ணற்ற உயிர்களைக் காக்கலாம் எனக் காட்டினார். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பின்னர், நஞ்சுமுறி மருந்தையும் அம்மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தால் நோயாளி விரைவில் தேறுகிறார் என்பதையும் அவர் 2011-இல் வெளியிட்டார். நஞ்சுமுறி வேண்டுமாயின் நஞ்சு வேண்டும். நஞ்சு வேண்டுமாயின் தேள் வேண்டும். அப்படியாயின் என் செய்வது?

இல்லறத்தான் இம்சையை நான்காகப் பிரித்து, சங்கல்ப இம்சையை அறவே விலக்கி, ஆரம்பம், உத்தியோகம், விரோதம் ஆகிய மூன்றிலும் இயன்றவரை குறைக்கக் கடவன் என்பது நம் நெறி. குழந்தையின் உயிரைக் காக்க வேண்டித் தேளைச் சில நாள் வைத்திருப்போரை நாம் குற்றவாளிகள் என்று கூறத் துணியோம். ஆனால் தேவை இருப்பதாலேயே எவ்வாறும் வைக்கலாம் என்றாகாது. செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், பாம்புகளை மண்பானைகளில் சில வாரங்கள் வைத்து, நஞ்சு எடுத்தபின் மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அடைத்தலுக்கு ஒரு காரணமும் ஒரு கெடுவும் ஒரு விடுதலையும் அங்கே உண்டு. எம் புட்டிக்கும் பேரனின் தொட்டிக்கும் இவற்றுள் எதுவும் இல்லை.

தாய்த் தேள்

ஐந்தாம் நாள் மாலை பேரன் எம்மை அழைத்தான். கருந்தேள் ஒன்றின் முதுகில் வெண்மையான சிறு குஞ்சுகள் அடுக்கடுக்காக ஏறியிருந்தன. தேள் முட்டையிடுவதில்லை, குஞ்சு ஈனும். முதல் சட்டை உரிக்கும்வரை குஞ்சுகள் தாயின் முதுகை விட்டு இறங்குவதில்லை. ஓட்டுத் துண்டுகளைப் பிற தேள்கள் பற்றியிருந்தன. அவற்றுள் ஒன்று நகரும்போதெல்லாம் இத்தாய் இரண்டு இடுக்கிகளையும் விரித்தபடி பின்வாங்கிற்று. இன்னும் நகர்ந்தது, இன்னும் பின்வாங்கிற்று. இறுதியில் பீங்கான் சுவரை முட்டி நின்றது. அதற்கப்பால் இடம் இல்லை. வழுக்கும் சுவரில் ஒரு காலை வைத்தது, சறுக்கியது, மீண்டும் வைத்தது.

அந்தச் சிறுமிக்குச் சொல்லாத விடை அப்போது எம் கண்முன் நின்றது. பேரனிடம் புட்டியின் கதையைச் சொன்னோம். எம் மக்களிடமும் அதுவரை சொல்லாத கதை அது. அவன் கேட்டுவிட்டு, "பாட்டி, வெளியில் விட்டால் மட்டும் அவை ஒன்றை ஒன்று உண்ணாவா? கண்ணுக்குத் தெரியாமல் போனால் பாவம் போய்விடுமா?" என்றான். நியாயமான கேள்வி. வெளியே விட்டுக் கைகழுவுவதும் ஒரு தப்பித்தல்தானோ என்று நாமும் எண்ணினோம்.

"உண்ணலாம் அப்பா" என்றோம். "ஆனால் வெளியே ஒன்றுக்கு ஓடவும் ஒளியவும் வழி இருக்கும். பிழைத்தால் அதன் முயற்சி. மாண்டால் அதன் வினை. இங்கே அந்த வழியை அடைத்துக்கொண்டு நிற்பது நம் சுவர். உலகத்துக் கொலையையெல்லாம் தடுக்க நம்மால் ஆகாது. நம் சுவரை எடுக்க நம்மால் ஆகும்." அவன் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வீட்டுக்காரர் ஒருவர், "விட்ட தேள் யார் வீட்டுக் குழந்தையையாவது கொட்டினால்?" என்று கேட்டார். அதுவும் அறம் சார்ந்த கேள்வியே. ஆகவே குடியிருப்பையும் நடைபாதையையும் விட்டு வெகு தொலைவில், கல்லும் கருவேலும் மண்டிய ஏரிக்கரையைத் தேர்ந்தோம். இருட்டிய பின் கைவிளக்கோடு இருவரும் சென்றோம். ஐந்தையும் ஐந்து தனித்தனிக் கலங்களில் கொண்டுபோய், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நெடுந்தூரம் விட்டு, தனித்தனிக் கல்லடியில் இறக்கினோம். எஞ்சியிருந்த ஒரே செந்தேளை எல்லாவற்றுக்கும் அப்பால் விட்டோம். தாய்த் தேளை, அது நின்ற ஓட்டோடு சாயாமல் எடுத்து வைத்தோம். சிறிது நேரம் அசையாது இருந்தது. பிறகு குஞ்சுகளைச் சுமந்தபடி கல்லின் கீழே சென்று மறைந்தது.

ஆற்றில் தத்தளித்த தேளைக் கையில் ஏந்திய முனிவரின் கதையை நாம் அனைவரும் அறிவோம். கொட்டக் கொட்ட அவர் அதனைக் காத்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அவருடைய பொறுமையைப் புகழ்கிறோம். அக்கதையில் நாம் கவனியாது விட்ட ஒன்று உண்டு. அவர் தேளைக் கரையில் விட்டார். ஆசிரமத்துக்கு எடுத்துச் சென்று கமண்டலத்தில் அடைக்கவில்லை. காத்தலும் விடுதலும் சேர்ந்ததே தயை.

இல்லத்தார்க்குச் சில சொற்கள்

பழைய ஓட்டையும் விறகையும் அள்ளும்போது ஒரே மூச்சில் குவியலைப் புரட்ட வேண்டா. ஒரு பக்கத்திலிருந்து மெல்ல எடுத்தால் உள்ளிருக்கும் உயிர்கள் மறுபக்கம் விலக நேரம் கிடைக்கும். தேளைக் காண நேர்ந்தால் வெறுங்கையால் தொடாமல், நீண்ட இடுக்கியால் எடுத்து, ஒரு கலத்துக்கு ஒன்றாக வைத்து, அன்றிரவே ஆளில்லா இடத்தில் விட்டுவிடுக. காப்பாற்றிய மகிழ்ச்சியில் வைத்துக்கொள்ள வேண்டா. விலைக்கு விற்கும் தேளையும் பாம்பையும் வாங்கி வளர்க்கப் பிள்ளைகள் கேட்டால், மறுப்பதோடு நில்லாமல் காரணத்தையும் எடுத்துச் சொல்லுக. கற்பிப்பதற்காகக் காண வேண்டுமாயின் கல்லைப் புரட்டிக் காட்டி, மீண்டும் மெல்ல மூடுக. தேள் கொட்டிவிட்டாலோ, கீறுதலும் கட்டுதலும் செய்து நேரத்தைப் போக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்க; குழந்தையாயின் ஒரு நொடியும் தாழ்க்கலாகாது.

அந்தச் சிறுமி இன்று அறுபதை நெருங்கியிருப்பாள். பேரன் பேத்தி எடுத்திருக்கவும் கூடும். பெயர் நினைவில் இல்லை. முன்வரிசையில் எழுந்து நின்ற முகம் மட்டும் நினைவில் உள்ளது. அவள் இவ்விதழைக் காணப் போவதில்லை. ஆயினும் கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் போவது ஆசிரியர்க்கு அழகன்று.

ஆம் அம்மா, நீ சொன்னது சரி. வெளியே இருந்திருந்தால் அது விலகிப் போயிருக்கும்.